பிவிசி எவ்வளவு சூட்டைத் தாங்கும்?
குளோரின் கொண்ட நெகிழிகளின் வெப்பச் சிதைவை அளக்கும் முறைகள்

குடிநீர்க் குழாய், மின்கம்பியின் மேலுறை, சன்னல் சட்டம், இரத்தப் பை, மாத்திரை அட்டையின் ஒளி ஊடுருவும் பக்கம் எனப் பல வடிவங்களில் அன்றாட வாழ்வில் கலந்துவிட்ட பிவிசி எனப்படும் பாலிவினைல் குளோரைடு, மற்ற நெகிழிகளிலிருந்து முதன்மையான ஒரு வகையில் வேறுபடுகிறது. பாலித்தீனும் பாலிபுரொப்பிலீனும் கார்பன், ஹைட்ரஜன் ஆகிய இரண்டு தனிமங்களால் மட்டுமே ஆனவை. பிவிசியின் எடையிலோ ஏறத்தாழ 57 விழுக்காடு, சாதாரண உப்பிலிருந்து பிரித்தெடுக்கப்படும் குளோரின் ஆகும். எளிதில் தீப்பற்றாமை, அமிலங்களையும் காரங்களையும் தாங்கும் தன்மை, மலிவான விலை ஆகிய அதன் சிறப்புகள் பெரும்பாலும் இந்தக் குளோரினால் வருபவை. அதன் பெரிய பலவீனத்துக்கும் அதே குளோரினே காரணமாகிறது.

பிவிசித் தூளை உருக்கிக் குழாயாகவோ தகடாகவோ வார்ப்பதற்கு 160 முதல் 200 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பம் வேண்டும். ஆனால் வேறு எதுவும் கலக்காத தூய பிவிசி, 100 டிகிரியைத் தாண்டியதிலிருந்தே மெல்லச் சிதையத் தொடங்கி, ஹைட்ரஜன் குளோரைடு என்னும் அரிக்கும் தன்மையுள்ள வாயுவை வெளியிடுகிறது. வடிவமைக்கத் தேவைப்படும் வெப்பநிலை, சிதைவு தொடங்கும் வெப்பநிலையைவிட உயர்ந்து நிற்பதே பிவிசித் தொழிலின் அடிப்படைச் சிக்கலாகும். ஆகவே, இந்தப் பொருள் சிதையுமா என்ற கேள்விக்கு இத்தொழிலில் இடமில்லை; குறிப்பிட்ட வெப்பநிலையில் எவ்வளவு நேரம் தாங்கும், எந்த வேகத்தில் சிதையும், சிதையும்போது என்னென்ன வெளிவரும் என்பவையே விடை காண வேண்டிய கேள்விகள். மேட்டூரிலும் கடலூரிலும் இயங்கும் ஆலைகளிலிருந்து வெளிவரும் தூளானாலும், அதை வாங்கிக் குழாய் இழுக்கும் சிறு தொழிற்கூடமானாலும், இந்தக் கேள்விகளுக்கு அளவீட்டின் வழியாக மட்டுமே விடை கிடைக்கும்.

சங்கிலியிலிருந்து உதிரும் அமிலம்

அளவிடும் முறைகளைப் புரிந்துகொள்வதற்கு, சிதைவு எவ்வாறு நிகழ்கிறது என்பதை முதலில் அறிய வேண்டும். பிவிசி ஒரு பலபடி. அதாவது, வினைல் குளோரைடு என்னும் சிறு மூலக்கூறுகள் நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் கைகோத்து உருவாகும் நீண்ட சங்கிலி. அச்சங்கிலியில் ஒன்றுவிட்டு ஒரு கார்பன் அணுவில் ஒரு குளோரின் அணு இணைந்திருக்கும். ஒழுங்காக அமைந்த பகுதிகள் ஓரளவு வெப்பத்தைத் தாங்கக்கூடியவை. ஆனால் உற்பத்தியின்போது சங்கிலி கிளைவிடும் இடங்களிலும், தற்செயலாக ஓர் இரட்டைப் பிணைப்பு உருவாகிவிட்ட இடத்தை ஒட்டியும் அமையும் குளோரின் அணுக்கள் தளர்வாகவே பிணைந்திருக்கின்றன. வெப்பம் ஏறியதும் அவைதாம் முதலில் விடுபட்டு, பக்கத்துக் கார்பனிலுள்ள ஹைட்ரஜனையும் சேர்த்துக்கொண்டு ஹைட்ரஜன் குளோரைடாக வெளியேறுகின்றன.

ஒரு மூலக்கூறு வெளியேறிய இடத்தில் புதிய இரட்டைப் பிணைப்பு ஒன்று தோன்ற, அது தனக்கு அடுத்துள்ள குளோரினைத் தளர்த்த, அதுவும் வெளியேற, சிதைவு சங்கிலி நெடுகப் பரவுகிறது. பையின் ஜிப் ஒரு முனையிலிருந்து பல் பல்லாகத் திறந்துகொண்டே போவதை இது ஒத்திருப்பதால், வேதியியலாளர்களும் இதனை ஜிப் வகைச் சிதைவு என்றே அழைக்கின்றனர். வெளியேறிய ஹைட்ரஜன் குளோரைடு அங்கேயே தங்கிவிட்டால் மேலும் சிதைவைத் தூண்டும் என்பது இதன் இன்னொரு தீய கூறாகும். வினையின் விளைபொருளே வினையை விரைவுபடுத்தும் இந்நிகழ்வுக்குத் தன்வினையூக்கம் என்று பெயர். தடித்த குழாயின் உட்பகுதியில் வாயு வெளியேற வழியின்றி அடைபடும்போது, மெல்லிய தகட்டைவிட அது விரைவாகக் கெடுவதற்கு இதுவே காரணம்.

சங்கிலியில் ஒன்றுவிட்டு ஒன்றாக அமையும் இரட்டைப் பிணைப்புகளின் எண்ணிக்கை ஏழு அளவை எட்டும்போது, அது கண்ணுக்குத் தெரியும் ஒளியின் நீலப் பகுதியை உறிஞ்சத் தொடங்குவதால், வெண்மையாக இருந்த பொருள் மஞ்சளாகத் தெரிகிறது. தொடர் நீள நீள நிறம் ஆரஞ்சாகவும், பின் சிவப்பாகவும், பழுப்பாகவும், இறுதியில் கருப்பாகவும் மாறுகிறது. இவ்வாறு ஒரே சிதைவு, வெளியேறும் அமிலமாகவும், மாறும் நிறமாகவும், குறையும் எடையாகவும், இறுகும் உருகுகூழாகவும் நான்கு வகைகளில் தன்னை வெளிப்படுத்துகிறது. அளவிடும் முறைகள் ஒவ்வொன்றும் இந்நான்கில் ஏதேனும் ஒன்றைப் பற்றிக்கொண்டு உருவானவை.

மற்றக் குளோரின் நெகிழிகளிலும் இதே விதி செயல்படுகிறது. சுடுநீர்க் குழாய்களுக்குப் பயன்படும் சிபிவிசி, பிவிசியுடன் மேலும் குளோரின் சேர்த்துப் பெறப்படுவது. அதில் குளோரின் அளவு பொதுவாக 63 முதல் 69 விழுக்காடு வரை இருக்கும். ஈரமும் காற்றும் புகாதபடி மாத்திரை அட்டைகளில் பூசப்படும் பாலிவினைலிடீன் குளோரைடில் இது 73 விழுக்காடு. முன்னது சுடுநீரைத் தாங்கக்கூடியதாயினும், அதை உருக்கி வார்க்க இன்னும் உயர்ந்த வெப்பம் தேவைப்படுவதால் சிதைவின் அபாயம் கூடுகிறது. பின்னதோ பிவிசியைவிட எளிதாகவே ஹைட்ரஜன் குளோரைடை இழக்கக்கூடியது.

நிலைப்படுத்திகளின் வருகை

ஜெர்மானிய வேதியியலாளர் ஆய்கன் பவ்மான் 1872-இல், வினைல் குளோரைடு அடைத்த குழாய் வெயிலில் இருந்தபோது அதில் வெண்ணிறத் திண்மமாகப் பிவிசி படிந்ததைப் பதிவு செய்தார். 1913-இல் ஃபிரிட்ஸ் கிளாட்டே இதற்கு ஜெர்மனியில் காப்புரிமை பெற்றபோதிலும், சூடேற்றினால் சிதைந்துவிடும் அந்த முரட்டுப் பொருளைப் பயனுள்ள பண்டமாக்கும் வழி அப்போது புலப்படவில்லை. அமெரிக்காவின் பி.எஃப். குட்ரிச் நிறுவனத்தைச் சேர்ந்த வால்டோ செமன், ரப்பரை உலோகத்தோடு ஒட்டும் பசை ஒன்றைத் தேடி, பிவிசியிலிருந்து ஹைட்ரஜன் குளோரைடை வேண்டுமென்றே நீக்க முயன்று, உயர்ந்த கொதிநிலை கொண்ட கரைப்பான்களில் அதைச் சூடாக்கியபோதுதான் 1926-இல் ரப்பரைப் போல் வளையும் பிவிசி பிறந்தது. இவ்வாறு பொருளை இளகச் செய்யும் திரவங்கள் நெகிழ்வூட்டிகள் எனப்படுகின்றன.

அடுத்த தேவை, வெளியேறும் அமிலத்தைப் பிடித்துக்கொண்டு, தளர்ந்த குளோரினின் இடத்தில் உறுதியான வேறொரு தொகுதியைப் பொருத்தும் சேர்மங்கள். நிலைப்படுத்திகள் என்றும், தொழில் வழக்கில் ஸ்டெபிலைசர் என்றும் அழைக்கப்படும் இவற்றில் ஈய உப்புகள், பேரியம், காட்மியம், துத்தநாகம் ஆகியவற்றின் சோப்புகள், கரிம வெள்ளீயச் சேர்மங்கள், கால்சியம்–துத்தநாகக் கலவைகள் எனப் பல வகைகள் உண்டு. நிலைப்படுத்தி தீர்ந்துபோகும்வரை பொருள் வெளிப்பார்வைக்கு நலமாகவே இருக்கும். தீர்ந்ததும் சிதைவு திடீரென விரையும். எனவே, வெப்ப நிலைப்புச் சோதனை பெரும்பாலும் அளப்பது சிதைவு தொடங்கும் நேரத்தை அன்று. நிலைப்படுத்தியின் இருப்பு தீரும் நேரத்தையே ஆகும். இந்த வேறுபாட்டை மனத்தில் கொண்டால்தான் சோதனை எண்களுக்குச் சரியான பொருள் காண இயலும்.

நிறம் மாறும் தாள்

மிகப் பழைய, மிக எளிய, இன்றும் வழக்கிலுள்ள முறை காங்கோ சிவப்புச் சோதனையாகும். 1880-களில் பருத்தித் துணிக்குச் சாயமாக உருவாக்கப்பட்ட காங்கோ சிவப்பு, அமிலம் பட்டால் நீலமாக மாறக்கூடியது. அமிலத்தன்மையைக் காட்டும் பிஹெச் அளவு 5-க்கு மேல் இருக்கையில் சிவப்பாகவும், 3-க்குக் கீழ் இறங்குகையில் நீலமாகவும் தோன்றும். பன்னாட்டுத் தர அமைப்பின் ஐஎஸ்ஓ 182 தரநிலையின் முதல் பகுதி இம்முறையை வகுத்துரைக்கிறது. சிறு துண்டுகளாக நறுக்கிய மாதிரியைச் சோதனைக்குழாயின் அடியில் இட்டு, சாயம் தோய்ந்த தாள் பட்டையொன்றை அதற்கு மேலே தொங்கவிட்டு, குழாயை 180 அல்லது 200 டிகிரி போன்ற குறித்த வெப்பநிலையில் உள்ள எண்ணெய்த் தொட்டியில் இறக்கிய கணத்திலிருந்து, தாள் நீலமாகத் தொடங்கும் கணம்வரை ஆகும் நேரமே அப்பொருளின் நிலைப்பு நேரம்.

மின்கம்பிகளின் பிவிசி உறைக்கான பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையத்தின் (ஐஈசி) முறையில், காங்கோ சிவப்புக்கு மாற்றாகப் பொது நிறங்காட்டித் தாள் பயன்படுத்தப்படுகிறது. 50 மில்லிகிராம் மாதிரியை 200 டிகிரியில் சூடாக்கி, தாள் அமிலச் சிவப்பாக மாறும் நேரம் குறிக்கப்படுகிறது. இந்தியாவில் கம்பிக் காப்புக்கான ஐஎஸ் 5831 தரநிலையிலும் வெப்ப நிலைப்புச் சோதனை இடம்பெறுகிறது. சிறிய ஆலையும் வாங்கக்கூடிய கருவிகளைக் கொண்டே செய்யக்கூடியதாயினும், நிறம் எப்போது மாறியது என்பதைக் கண்ணால் முடிவு செய்ய வேண்டியிருப்பதால் ஒருவர் குறிக்கும் நேரத்துக்கும் மற்றொருவர் குறிக்கும் நேரத்துக்கும் இடையே வேறுபாடு வருவது இதன் குறையாகும். மேலும், இச்சோதனை ஒரே ஒரு கணத்தை மட்டுமே காட்டுகிறது. அதற்கு முன்னும் பின்னும் சிதைவு எந்த வேகத்தில் நடந்தது என்பது தெரியாமலே போகிறது.

நீருக்குள் எழும் எச்சரிக்கை

இக்குறைகளைத் தீர்க்க வந்தது மின்கடத்துத்திறன் முறை. தூய நீர் மின்சாரத்தை மிகக் குறைவாகவே கடத்தும்; அதில் ஹைட்ரஜன் குளோரைடு கரைந்து அயனிகளாகப் பிரியும்போது கடத்துத்திறன் கூர்மையாக உயரும். ஐஎஸ்ஓ 182-இன் மூன்றாம் பகுதியில் விளக்கப்படும் இம்முறையில், சூடான மாதிரியின் மேல் நைட்ரஜன் வாயுவைச் சீராகச் செலுத்தி, வெளிவரும் அமிலத்தை அது அள்ளிக்கொண்டுபோய்க் கனிமம் நீக்கிய நீரில் சேர்க்கும்படி செய்கின்றனர். அந்நீரின் கடத்துத்திறனைக் கருவி இடைவிடாமல் பதிந்துகொண்டே இருக்கும். தொடக்கத்தில் படுத்துக்கிடக்கும் கோடு, நிலைப்படுத்தி தீரும் வேளையில் மேல்நோக்கி வளைகிறது. தொடக்க நிலையிலிருந்து சென்டிமீட்டருக்கு 50 மைக்ரோசீமன்ஸ் உயர்ந்த நேரத்தை நிலைப்பு நேரமாகக் கொள்வது வழக்கம்.

இந்த 50 என்னும் எண் எவ்வளவு நுட்பமானது என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். நீரின் அளவு 60 மில்லிலிட்டர் என்றும் மாதிரி அரை கிராம் தூய பிவிசி என்றும் கொண்டால், அத்தகைய உயர்வை உண்டாக்கச் சுமார் கால் மில்லிகிராம் ஹைட்ரஜன் குளோரைடு போதும். அரை கிராம் பிவிசி முழுவதும் சிதைந்தால் வெளிவரக்கூடிய அமிலமோ 290 மில்லிகிராமுக்கும் மேல். அதாவது, பொருளில் அடங்கியுள்ள அமிலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவானது வெளியேறும் கட்டத்திலேயே கருவி எச்சரித்துவிடுகிறது. தராசினால் இத்தகைய தொடக்கநிலைச் சிதைவை நம்பகமாகப் பிரித்தறிவது கடினம்.

இதே தரநிலையின் இரண்டாம் பகுதி நீரின் பிஹெச் மாற்றத்தையும், நான்காம் பகுதி மின்னழுத்த முறையில் குளோரைடு அயனிகளையும் அளக்கின்றன. இவற்றுக்கிடையே உள்ள வேறுபாடு மேலோட்டமானதன்று. சில நிலைப்படுத்திகள் சூட்டில் ஆவியாகும் கரிம அமிலங்களை வெளியிடும். கடத்துத்திறன் முறையும் பிஹெச் முறையும் அவற்றையும் சேர்த்தே கணக்கில் கொள்ள, சில்வர் நைட்ரேட்டுடன் வினைபுரிய வைத்துக் குளோரைடை மட்டும் பிடிக்கும் முறை அவற்றை ஒதுக்கிவிடும். ஒரே மாதிரிக்கு இரு முறைகள் இரு விடைகளைத் தந்தால், இரண்டும் வெவ்வேறு கேள்விகளுக்கான சரியான விடைகளாக இருக்கக்கூடும்.

நிறத்தைப் படித்தல்

வெளியேறும் வாயுவை விட்டுவிட்டு, எஞ்சிநிற்கும் பொருளின் நிறத்தை நோக்கும் முறையை ஐஎஸ்ஓ 305 வகுக்கிறது. தகட்டிலிருந்து வெட்டிய துண்டுகளைச் சூட்டடுப்பில் வைத்து, குறித்த இடைவெளியில் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து அட்டையில் வரிசையாக ஒட்டினால், வெண்மையிலிருந்து கருமைவரை சிதைவின் வரலாறு முழுவதும் ஒரே பார்வையில் தெரியும். நிறமானி கொண்டு மஞ்சள்தன்மைக் குறியீடாக அதை எண்ணாக்கவும் முடியும்.

நிறச் சோதனையும் அமிலச் சோதனையும் எப்போதும் ஒத்துப்போவதில்லை என்பதைக் கால்சியம்–துத்தநாக நிலைப்படுத்திகள் தெளிவாகக் காட்டுகின்றன. துத்தநாகச் சோப்பு தளர்ந்த குளோரினை விரைந்து மாற்றியமைப்பதால் பொருள் தொடக்கத்தில் நல்ல வெண்மையோடு இருக்கும். ஆனால் அவ்வினையில் உருவாகும் துத்தநாகக் குளோரைடு சிதைவை வலுவாகத் தூண்டும் வினையூக்கி. அதன் அளவு கூடியதும், மஞ்சள், சிவப்பு என்னும் படிகளைக்கூடக் காணவிடாமல், பொருள் ஒரேயடியாகக் கருகிவிடுகிறது. கால்சியம் சோப்பு அக்குளோரைடை வாங்கிக்கொண்டு துத்தநாகச் சோப்பை மீட்டுத் தருவதால் அந்த வீழ்ச்சி தள்ளிப்போகிறது. கால்சியம் மிகுந்த கலவை விரைவில் மஞ்சளானாலும் நெடுநேரம் தாங்கும். துத்தநாகம் மிகுந்தது வெண்மையாகவே இருந்து திடீரென வீழும். சன்னல் சட்டம் செய்பவருக்கு நிறமே முதன்மை. கம்பி உறை செய்பவருக்கு நீண்ட தாங்குதிறனே முதன்மை. எந்தச் சோதனையை நம்புவது என்பதைப் பொருளின் பயன்பாடே தீர்மானிக்கிறது.

தராசு சொல்வதும் சொல்லாததும்

ஆய்வுக்கூடங்களில் பெரிதும் கையாளப்படுவது வெப்ப எடை பகுப்பாய்வு. 1915-இல் ஜப்பானிய இயற்பியலாளர் கோத்தாரோ ஹோண்டா உருவாக்கிய வெப்பத்தராசிலிருந்து வளர்ந்த இம்முறையில், சில மில்லிகிராம் மாதிரியை நுண்தராசில் வைத்து, நிமிடத்துக்கு 10 டிகிரி போன்ற சீரான வேகத்தில் சூட்டை ஏற்றிக்கொண்டே எடை குறைவதைப் பதிவு செய்கின்றனர். நைட்ரஜன் சூழலில் தூய பிவிசி இரண்டு படிகளில் எடையிழக்கிறது. ஏறத்தாழ 250 முதல் 360 டிகிரிவரை நிகழும் முதற்படியில் ஹைட்ரஜன் குளோரைடு முழுவதும் வெளியேறுகிறது. எஞ்சிய கார்பன் சங்கிலியின் ஒரு பகுதி வளையமாக மடிந்து பென்சீனாகவும் பிரிகிறது. 400 டிகிரியைத் தாண்டியபின் வரும் இரண்டாம் படியில் மீதமுள்ள சங்கிலி சிதைந்து, இறுதியில் சிறிதளவு கரி எஞ்சுகிறது. பிவிசியின் எடையில் ஹைட்ரஜன் குளோரைடாக வெளியேறக்கூடிய பங்கு 58.3 விழுக்காடு என்று கணக்கிடலாம். முதற்படியின் எடையிழப்பு அதைவிடச் சற்றுக் கூடுதலாக இருப்பதற்குப் பென்சீன் முதலியவை உடன் வெளியேறுவது ஒரு காரணம்.

தூய பொருளுக்குத் தெளிவான விடை தரும் இந்தத் தராசு, கடையில் விற்கும் பொருளுக்கு வரும்போது தடுமாறுகிறது. மென்மையான கம்பி உறையிலுள்ள நெகிழ்வூட்டி, ஹைட்ரஜன் குளோரைடு வெளியேறும் அதே வெப்ப எல்லையில் ஆவியாகி எடையைக் குறைப்பதால் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படிந்துவிடும். நிரப்பியாகக் கலக்கப்படும் சுண்ணாம்புத் தூளான கால்சியம் கார்பனேட்டின் குறுக்கீடு இன்னும் நுட்பமானது. அது ஹைட்ரஜன் குளோரைடைப் பிடித்துக் கால்சியம் குளோரைடாக மாறும்போது நீராவியையும் கார்பன் டைஆக்சைடையும் வெளிவிடுகிறது. 73 பங்கு எடையுள்ள அமிலம் உள்ளே தங்க, அதற்கு ஈடாக 62 பங்கு எடையுள்ள தீங்கற்ற வாயுக்கள் வெளியேறுவதால், தராசுக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகவே தெரியும். எடை குறைந்ததை வைத்து அவ்வளவும் அமிலம் என்று முடிவு கட்டினால் அது தவறாகும்.

இதனாலேயே வெப்பத்தராசோடு அகச்சிவப்பு நிறமாலைமானியையோ நிறை நிறமாலைமானியையோ இணைத்து, வெளிவரும் வாயு இன்னதென்று அறிகின்றனர். இயற்கையில் குளோரின், 35, 37 என்னும் நிறையெண்கள் கொண்ட இரு ஐசோடோப்புகளாக ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் இருப்பதால், நிறை நிறமாலையில் 36, 38 ஆகிய இடங்களில் அதே விகிதத்தில் எழும் இரு கோடுகள் ஹைட்ரஜன் குளோரைடின் ஐயமற்ற அடையாளமாகும். 78-இல் எழும் கோடு பென்சீனைச் சுட்டும்.

அரைபடும்போது என்ன ஆகிறது?

மேற்கூறியவை யாவும் பொருளை அசையாமல் வைத்துச் சூடாக்கும் சோதனைகள். குழாய் இழுக்கும் எக்ஸ்ட்ரூடர் இயந்திரத்திலோ பிவிசி, சுழலும் திருகுகளுக்கிடையே நசுங்கியும் உராய்ந்தும் செல்கிறது. அந்த உராய்வே கூடுதல் வெப்பத்தை உண்டாக்குவதோடு சங்கிலிகளையும் முறிக்கிறது. இந்நிலையைச் சிறிய அளவில் உருவாக்கிக் காட்டுவது முறுக்குவிசை அளவி. சூடான அறையொன்றில் இரு சுழலிகள் பிவிசியைப் பிசைந்துகொண்டிருக்க, அவற்றைச் சுழற்றத் தேவைப்படும் விசை பதிவாகிறது. தூள் உருகிக் கூழாகும்போது ஒரு முகடு தோன்றி, பின் விசை சமனிலையில் நீண்டநேரம் நின்று, சிதைந்த சங்கிலிகள் ஒன்றோடொன்று குறுக்குப் பிணைப்பு கொண்டு இறுகத் தொடங்கும்போது மறுபடியும் ஏறுகிறது. உருகிய நேரத்துக்கும் அவ்வேற்றத்துக்கும் இடைப்பட்ட காலமே இயங்குநிலை நிலைப்பு நேரமாகும். எண்ணெய்த் தொட்டியில் நெடுநேரம் தாங்கிய கலவை, உயவுப்பொருள் போதாமையால் இயந்திரத்தில் விரைவில் கருகுவதும் உண்டு.

ஒரு டிகிரியின் விலை

வெப்பச் சிதைவின் வேகம் வெப்பநிலையோடு நேர்விகிதத்தில் கூடாமல், அடுக்குக்குறி முறையில் பெருகுகிறது. அதைக் கணிக்க உதவும் அரீனியஸ் சமன்பாட்டில் கிளர்வு ஆற்றல் என்னும் அளவு இடம்பெறும். ஒரு வினை தொடங்குவதற்குத் தாண்ட வேண்டிய ஆற்றல் தடையே அது. பிவிசிக்கு மோலுக்கு 120 கிலோஜூல் என்று எடுத்துக்கொண்டு கணக்கிட்டால், 180 டிகிரியிலிருந்து 200 டிகிரிக்குச் செல்லும்போது சிதைவின் வேகம் ஏறத்தாழ நான்கு மடங்காகிறது. 200 டிகிரி அளவில், வெறும் ஒரு டிகிரிப் பிழை நிலைப்பு நேரத்தை 6 விழுக்காட்டுக்கு மேல் மாற்றிவிடும். எண்ணெய்த் தொட்டியின் வெப்பமானி சற்றே தவறாகக் காட்டினாலும், தேற வேண்டிய கலவை தவறிவிடலாம்; தவற வேண்டியது தேறிவிடலாம்.

இதே சமன்பாட்டைக் கொண்டு, 200 டிகிரியில் பெற்ற எண்ணிலிருந்து அறை வெப்பநிலையில் குழாயின் ஆயுளைக் கணிக்க முற்படுவது ஆபத்தானது. பிவிசி சுமார் 80 டிகிரிக்குக் கீழே கண்ணாடி போன்ற இறுகிய நிலையில் இருக்கிறது. அதற்கு மேலே இளகிய நிலைக்கு மாறுகிறது. இரு நிலைகளிலும் மூலக்கூறுகளின் அசைவு வேறு. வாயு ஊடுருவும் வேகமும் வேறு. வெயிலில் கிடக்கும் குழாயைக் கெடுப்பதில் புற ஊதாக் கதிருக்கும் ஆக்சிஜனுக்கும் உள்ள பங்கை நைட்ரஜனில் நடக்கும் சோதனை காட்டாது.

அளவீட்டால் விளைந்த நன்மைகள்

இத்தனை நுணுக்கமும் எதற்காக என்னும் கேள்விக்கு முதல் விடை ஈயம். மலிவாகவும் நெடுநேரம் தாங்கக்கூடியதாகவும் இருந்ததால் ஈய உப்புகள் பல பத்தாண்டுகள் குடிநீர்க் குழாய்களிலும் கம்பி உறைகளிலும் கோலோச்சின. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் நஞ்சு ஈயம் என்பது உறுதிப்பட்ட பின்னரும், அதற்கு ஈடாக வேறொன்று தாங்கும் என்று மெய்ப்பித்தாக வேண்டியிருந்தது. கால்சியம்–துத்தநாகக் கலவைகளின் விகிதத்தைச் சிறிது சிறிதாக மாற்றி, ஒவ்வொன்றையும் கடத்துத்திறன், நிறம், முறுக்குவிசை ஆகிய சோதனைகளுக்கு உட்படுத்தித்தான் அந்த மெய்ப்பிப்பு கைகூடியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் பிவிசித் தொழில்துறை 2015-இன் இறுதிக்குள் ஈய நிலைப்படுத்திகளைத் தானாக முன்வந்து கைவிட்டது. இந்திய அரசு 2021-இல் பிவிசிக் குழாய்களிலும் இணைப்பிகளிலும் ஈய நிலைப்படுத்தியைக் கட்டுப்படுத்தும் விதிகளை வெளியிட்டது.

இரண்டாவது, தீப்பாதுகாப்பு. ஒரு கிலோ தூய பிவிசி முழுவதும் சிதைந்தால் அறை வெப்பநிலையில் ஏறக்குறைய 390 லிட்டர் ஹைட்ரஜன் குளோரைடு வாயு உண்டாகும். அது கண்ணையும் மூச்சுக்குழாயையும் தாக்கித் தப்பிச்செல்வோரை நிலைகுலையச் செய்வதோடு, மின்னணுக் கருவிகளையும் அரித்துவிடும். கம்பி எரியும்போது வெளிவரும் அமில வாயுவின் அளவைக் காண ஐஈசி 60754 என்னும் சோதனை உள்ளது. வீட்டுக் கம்பிச் சுருளின் உறையில் காணப்படும் எஃப்ஆர்எல்எஸ், எஃப்ஆர்-எல்எஸ்ஹெச் ஆகிய குறிகள், தீ பரவாமையோடு குறைந்த புகையையும் உறுதியளிப்பவை. எஃப்ஆர்எல்எஸ் வகைக்கு அமில வாயு எடையில் 20 விழுக்காட்டுக்கு மிகாதிருக்க வேண்டும் என்பது நடைமுறை வரம்பு. ஹைட்ரஜன் குளோரைடைப் பிடித்து வைக்கும் சுண்ணாம்புத் தூளின் பணி இங்கே நன்மையாகிறது.

மூன்றாவது, மறுசுழற்சி. பாட்டில்களுக்கான பெட் நெகிழியை உருக்க 250 டிகிரிக்கு மேற்பட்ட சூடு தேவை; அதில் மிகச் சிறிதளவு பிவிசி கலந்திருந்தாலும் அது கருகி, வெளிவரும் அமிலம் பெட் சங்கிலிகளையும் அறுத்துவிடுகிறது. கழிவு நெகிழியைச் சூட்டால் எண்ணெயாக்கும் ஆலைகள், முதலில் 300 டிகிரி அளவில் ஹைட்ரஜன் குளோரைடை நீக்கிவிட்டுப் பின்னர் உயர் வெப்பத்துக்குச் செல்லும் இருபடி முறையை நாடுவதற்கு, வெப்பத்தராசு காட்டிய அந்த இரண்டு படிகளே வழிகாட்டின.

திறந்த வெளியில் எரிப்பதற்கு இத்தகைய எந்தக் கட்டுப்பாடும் இல்லை. குளோரின், முழுமையாக எரியாத கரி, செம்பு போன்ற வினையூக்கி ஆகிய மூன்றும் சேரும் இடத்தில், மிகக் கொடிய நஞ்சுகளான டையாக்சின்கள் உருவாகக்கூடும். செம்பை எடுப்பதற்காகப் பிவிசி உறையிட்ட மின்கம்பியை எரிக்கும்போது இம்மூன்றும் ஒருங்கே அமைந்துவிடுகின்றன. போகிப் பண்டிகையில் டயரையும் நெகிழியையும் எரிக்க வேண்டாம் என்று தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆண்டுதோறும் கேட்டுக்கொள்வதற்கு இந்த வேதியியலும் துணைநிற்கிறது. பழைய குழாயையும் கம்பியையும் நெருப்பில் இடாமல், பிரித்தெடுத்து மறுசுழற்சிக்குக் கொடுப்பதே ஒவ்வொரு வீட்டின் கடமையாகும்.

தொழில்துறைக்கும் வாங்குவோருக்கும் உரிய கடமை ஒன்றுண்டு. இப்பொருள் இத்தனை நிமிடம் வெப்பம் தாங்கும் என்னும் தனித்த எண்ணால் எதையும் முடிவு செய்ய இயலாது. எந்த முறையில், எந்த வெப்பநிலையில், எந்த வாயுச் சூழலில், எவ்வளவு மாதிரியைக் கொண்டு அது அளக்கப்பட்டது என்னும் நான்கும் உடன் எழுதப்பட்டால்தான் அந்த எண் சான்றாகும். இந்நான்கும் இல்லாத சோதனை அறிக்கையை ஏற்காமல் திருப்பி அனுப்புவதே சரி.